இரண்டு ஒற்றர்களும் ஒருத்தியான நாள்

1. ஒரே ஒரு பட்டன்

"வேங்கை வேங்கையைப் பார்த்துச் சிரித்தாள். 'உன்ன மொத நாளே கண்டுக்கினேன்' என்றாள் வேங்கை. வேங்கை பதில் சொல்லவில்லை."

ஒரு வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் என் கண்ணில் பட்ட வரிகள் இவை. கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு தப்பை அதுவரை செய்ததில்லை.

அது ஒரு விண்வெளி நாவல். எழுதியவர் அலமேலு, வெள்ளிமலைப் பக்கம் கிராம செவிலியர், மலையிலேயே பிறந்தவர். தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராக நடக்கிற வேலைக்கு நடுவே, ஆறு நீள நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். பல்லாயிரம் வருடத்துக்குப் பிறகு நடக்கிற கதை. இரண்டு விண்மீன் அரசுகள் சண்டை போடுகின்றன. ஒன்று மலைகளே நிறைந்த கிரகம், மற்றொன்று சமவெளிக் கிரகம். நட்சத்திரங்களைக் கடக்கும் ஒரு ரகசிய வாசலின் வரைபடம் ஒரு பெரிய சரக்குக் கப்பலில் போகிறது. அதைத் திருட இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஒற்றரை அனுப்புகின்றன. இருவரும் பெண்கள். பெயர் வேங்கை, தும்பை.

புரூஃபை மலைக்கு எடுத்துப்போய்த் திருத்திய அலமேலு புதன்கிழமை மாலை போன் செய்தார். "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்ங்க. வேங்கை எங்க மலை மரம். அந்தப் பேர போய் சமவெளிக்காரிக்கு வெச்சிருக்கேன். மலைக்காரிக்கு வேங்கை, சமவெளிக்காரிக்குத் தும்பை. ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுடுங்க."

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக வேண்டிய நைனார்பாளையம் பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது. முதலில் வேங்கையை எல்லா இடத்திலும் தும்பையாக ரீப்ளேஸ் செய்தேன். பிறகு தும்பையை எல்லா இடத்திலும் வேங்கையாக ரீப்ளேஸ் செய்தேன். சேவ் செய்து, பென் டிரைவில் இருந்த பழைய காப்பியின் மேலேயே அதையும் ஏற்றிவிட்டு ஓடினேன்.

என்ன நடந்தது என்று புரிகிறதா? முதல் ரீப்ளேஸில் எல்லோரும் தும்பை ஆனார்கள். இரண்டாவதில் எல்லோரும் வேங்கை ஆனார்கள். முந்நூறு பக்கத்தில் எதிரியும் எதிரியும் ஒரே பெயரோடு நின்றார்கள். இரண்டு பெயரும் ஒரே மாதிரி முடிவதால் வேங்கையை, வேங்கைக்கு என்று வேற்றுமை உருபுகள்கூட வழுவாமல் உட்கார்ந்திருந்தன. ஒருவர் ஆண் என்றாலாவது 'அவன்', 'அவள்' வைத்துப் பிரித்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

2. "எவன் கண்டுபுடிப்பான்?"

முதலாளியிடம் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? நாளைக்குக் காலைல அச்சடிக்கப் பிளேட்டுக்குப் போவணும். ஞாயித்துக்கிழமை புத்தகக் கண்காட்சியில வெளியீடு. மலையிலேருந்து அந்த நர்சம்மா ஜனங்க வேன் புடிச்சிக்கினு வராங்க."

நோட்டும் திருத்திய புரூஃபும் அலமேலுவிடம் இருந்தன. மலைக்குப் போய் வாங்கி வரலாம் என்றால், முந்தின நாள் மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றிருந்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. வேலை முடிந்து நாலு மணி வாக்கில் ரோட்டோரப் பாறை மேல் ஏறினால்தான் அவருக்குப் போன் எடுக்கும்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அவங்ககிட்ட வாயத் தொறக்காத. நீயே பாத்து எதையாவது போட்டுடு. வானத்துல பறக்கற கதைதானே, எவன் கண்டுபுடிப்பான்?"

முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

3. குரலைப் பிடித்தேன்

டைப் அடிக்கிறபோது நாங்கள் கதை படிப்பதில்லை. எழுத்தைத்தான் பார்ப்போம். அன்றைக்குத்தான் அந்த நாவலை நிஜமாகப் படித்தேன்.

பத்துப் பக்கம் போனதும் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒருத்தி 'இன்னா' என்கிறாள், 'ஜாஸ்தி' என்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அசல் எங்கள் கீழ்நாட்டுப் பேச்சு, மலையடிவாரச் சமவெளியில் பேசுகிறது. மற்றவள் அதிகம் பேச மாட்டாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பாள். இரண்டு விண்கலங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக்கூடக் 'கூப்பிடு தூரம்' என்பாள். பெயர் போனாலும் ஆள் போகவில்லை!

துள்ளிக்கொண்டு வேலையில் இறங்கினேன். மலைக்காரி வேங்கையாகவே இருக்கட்டும், சமவெளிக்காரியை மட்டும் தேடிப் பிடித்துத் தும்பையாக்கினால் போதும். நானே ஓர் ஒற்றர் வேலைதான் பார்த்தேன். சாப்பாட்டு அறையில் இரண்டு பேர் ஒரே தட்டில் கை வைக்கிறார்கள். முதலில் கையை எடுத்தது யார்? கப்பல் தலைவனின் சாவியைத் திருடியவள் எவள்? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவே இல்லை. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது தும்பைம்மா. அவதான் இவ்ளோ பேசுவா," என்றார்.

மூன்றரை மணிக்குப் பதினேழாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டோம். கப்பலின் சரக்குக் கிடங்கில் விளக்கு அணைகிறது. கதவு பிய்ந்து, காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது. ஒருத்தி வெளியே இழுபட்டுப் போகிறாள். இன்னொருத்தி வரைபடத்தைக் கைவிட்டு அவள் கையைப் பிடிக்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரியைக் காப்பாற்றியது யார்? எந்த வரியிலும் அடையாளம் இல்லை.

"ஏதாவது ஒண்ணப் போடும்மா," என்றார் முதலாளி. ஆனால் இந்த முறை அவர் குரலில் உறுதி இல்லை.

4. பாறை மேலிருந்து வந்த போன்

நாலு மணிக்கு என் போன் அடித்தது.

"அக்கா, பேரு மாத்திட்டீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ரீப்ளேஸ் செய்தது, பழைய காப்பியை அழித்தது, காலையிலிருந்து பேச்சை வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பது எல்லாம்.

சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டது.

கோபத்தில் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். எழுதியவருக்கு அது எத்தனை வருட உழைப்பு! திரும்பத் திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை. முதலாளி, "அதுக்குத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"சிக்னல் பூடிச்சிங்கக்கா. என்ன சொன்னீங்க, ரெண்டு பேரும் ஒருத்தி ஆயிட்டாங்களா?" அலமேலு சிரித்த சிரிப்பில் என் போனே அதிர்ந்தது. "பேச்ச வெச்சே கண்டுபுடிச்சீங்களா? அப்படின்னா நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்!"

எனக்கு மூச்சு வந்தது. கிடங்குக் காட்சியைக் கேட்டேன்.

"உங்களுக்கு யாருன்னு தோணுது?" என்று திருப்பிக் கேட்டார்.

"எனக்குத் தும்பைன்னு தோணுது. அவ இவ்ளோ நேரம் வாயால மட்டும் சண்ட போட்டுக்கினு இருக்கா. வேங்கை வந்ததுலேருந்து அவளுக்குத் தனியா இருக்கவே புடிக்கல."

அலமேலு மெதுவாகச் சொன்னார்: "நான் மலைக்காரி காப்பாத்தறதா எழுதியிருந்தேங்க. நான் மலைக்காரி இல்லியா, எங்க ஆளு பக்கம் சாஞ்சிட்டேன். நீங்க சொல்றதுதான் சரி. தும்பையே புடிக்கட்டும்."

முதலாளி தொடையில் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஃபைல் பிளேட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதை சீராகி மலையிலிருந்து வேன் வந்தது. வெளியீட்டில் உளுந்தூர்பேட்டைக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "எதிரியாச்சே, தும்பை எதுக்குங்க வேங்கையைப் புடிச்சா?" என்று கேட்டாள். முன்கூட்டியே பிரதி வாங்கி, மர நிழலில் உட்கார்ந்து அதுவரை படித்துவிட்டிருந்தாள்.

அலமேலு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மொதல்ல எனக்கே தெரியாது. எங்க டிடிபி அக்காதான் கண்டுபுடிச்சாங்க."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். இரண்டு பெயர்களை மாற்ற வேண்டுமானால், நடுவில் புத்தகத்திலேயே இல்லாத மூன்றாவது சொல் ஒன்றை வையுங்கள். வேங்கையை முதலில் அந்தச் சொல்லாக மாற்றி, பிறகு தும்பையை வேங்கையாக்கி, கடைசியில் அந்தச் சொல்லைத் தும்பையாக்குங்கள். பழைய ஃபைலை வேறு பெயரில் தனியாக வைத்த பிறகுதான் தொடவே தொடுங்கள்.

இரண்டாவது, தப்பு நடந்துவிட்டால் முதலில் எழுதியவரிடம் சொல்லுங்கள். அவர் திரும்பக் கூப்பிடும்வரை அந்தக் கால் மணி நேரம் நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.