சந்தனத்துக்குக் கீழே ஒரு பக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேண்டாத வேலை உண்டு. ரங்கூன் தமிழர் வீடுகளுக்குப் போய், பரணில் கிடக்கும் பழைய தமிழ்த் தாள்களைச் செல்பேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சேகரம் அது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நாடகப் பாட்டு என்று எதையும் விடுவதில்லை. கரையான் படித்து முடிப்பதற்குள் மனிதர்கள் படிக்கட்டுமே என்ற ஆத்திரம்தான்.

அப்படித்தான் ரங்கூனின் அலோன் பகுதியில் மசாலாக் கடை வைத்திருக்கும் அக்காவைத் தேடிப் போனேன். அவருடைய அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதியவர். மாலையில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினாராம். மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகச் சுற்றி வரும். எல்லாம் போனது போக, ஒரே ஓர் இதழ் மட்டும் அக்காவிடம் தங்கியிருந்தது.

அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் எழுத்துப் படிக்கும் வயதில் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இல்லாமல் போய்விட்டன. படிக்கத் தெரியாத புத்தகத்தை என்ன செய்வது? சாமி மாடத்தில் வைத்துவிட்டார். வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு அதன் முதல் பக்கத்தில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. முதல் பக்கம் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக இறுகிப்போய், ஓர் எழுத்தும் தெரியவில்லை. கும்பிட்டே ஒரு பக்கத்தை அழிக்க நம்மவர்களால்தான் முடியும். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை மட்டும் மாதாமாதம் அப்பாவே எழுதுவார் என்றார் அக்கா. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். படம் எடுக்கச் சம்மதித்தார். இணையத்தில் போடுவதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

"அப்பா கையெழுத்து தம்பி. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு அது எதுக்கு? எங்கிட்டயே இருக்கட்டும்."

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கிற கதைதான். ஒரே ஒரு பிரதி, ஒரு மழைக்கால ஒழுகல் போதுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அவர் அக்காவின் அப்பா, என் அப்பா இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டு, மின்சாரம் இல்லாததால் கடை வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தேன்.

தின்கன்ஜூனில் என் வீட்டுக் கணினியில் முதல் பக்கத்தின் படத்தைப் போட்டு, மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். நீல மை அடியில் பத்திரமாக இருந்தது. படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோய், இதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அக்கா கடையில் பர்மியப் பெண் ஒருத்திக்கு மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தார். அவளை அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் வாசித்தேன்:

"வாசக நண்பர்களே, எண்ணெய்க் கையோடு இதைத் தொடாதீர்கள். மஞ்சள், சந்தனம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். யாரும் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்பவர் அடுத்த இதழ் முழுவதையும் தாமே எழுத வேண்டியிருக்கும்."

சந்தனம் என்றதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசி வரியில் சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணைத் துடைக்கப் போனவர், விரலில் மிளகாய் இருப்பது ஞாபகம் வந்து, முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"நான் எங்க தம்பி எழுதுறது?" என்றார். "நீங்க எடுத்த படத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்கே குடுத்துடுங்க."