ஊரில் எவடம் என்று கேட்ட குரல்

சித்தப்பாவை ஏன் நல்ல இடமாகப் பார்த்துச் சேர்க்கவில்லை என்று கேட்டீர்கள், பிள்ளைகள். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நான் எழும்பிப் போய்விட்டேன். எழுதினால் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று இப்போது எழுதுகிறேன்.

சேர்த்தோம். பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல் மாடியில், குடியையும் போதைமருந்தையும் விட நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன நிலையம் இருந்தது. எங்கள் பகுதி நகரசபையான கவுன்சிலின் காசில் நடந்தது. அங்கே சித்தப்பாவைப் பார்த்தவர் ஜமேக்காப் பெண் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பாவிடம் இருந்ததோ பெற்றோல் ஷெட்டில் வேலை செய்து பொறுக்கிய ஆங்கிலம். அந்த ஆங்கிலத்திலேயே அவன் எல்லாவற்றையும் கொட்டினான். பல் தீட்ட முதலே குடிப்பதை, தண்ணீர்ப் போத்தலில் வொட்காவை ஊற்றி வேலைக்குக் கொண்டுபோவதை. பக்கத்தில் இருந்த எனக்கே அது புதிது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "கூடப் பிறந்த எனக்குச் சொல்லாததை அவவுக்கு எப்பிடியடா சொன்னனீ?"

"அவவுக்கு எங்கடை அப்பாவைத் தெரியாதண்ணை" என்று சிரித்தான்.

உங்கள் அப்பப்பா ஊரில் கணக்கு மாஸ்டர். பாதி ஊர் அவரிடம்தான் படித்தது. கள்ளுக்கொட்டில் இருந்த ஒழுங்கையால்கூட அவர் போகமாட்டார்.

குடியை வீட்டில் திடீரென்று நிறுத்த ஏலாது. சித்தப்பா ஒருமுறை நிறுத்திப் பார்த்து, வலிப்பு வந்து குசினியில் விழுந்தான். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்லத்தான் குடியின் அளவை இறக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டில் கேட்டு அந்தப் பெண் அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிடும் போலவும் இருந்தது.

அந்த நேரம்தான் கவுன்சில்காரர் நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். மூன்று கவுன்சில்கள் ஒரே வேலைக்குத் தனித்தனியாகச் செலவழிக்கின்றன, இனிச் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறோம், குறைந்த செலவில் கூடுதலாகச் செய்யலாம் என்று அதிகாரி ஒருவர் விளக்கினார். எங்கள் ஆள் ஒருவர் எழும்பி, "தமிழ் ஆக்களுக்குத் தமிழிலை கதைக்க ஒரு ஆள் வேணும்" என்றார். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

சொன்னபடியே செய்தார்கள். மாடி நிலையம் மூடப்பட்டது. ஜமேக்காப் பெண்ணுக்குப் புதிய இடத்தில் வேலை இல்லை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில், பழைய நோயாளிகள் எல்லோரையும் முதலிலிருந்து விசாரித்தார்கள். கட்டிலும் அந்த விசாரணைக்குப் பிறகுதான் என்றார்கள்.

இளம் பெண் ஒருத்தி எங்களை இருத்தினாள். உங்களுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் எடுத்திருக்கிறோம் என்று சந்தோஷமாகச் சொல்லி, மேசையில் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டாள். வயதான, அன்பான குரல்.

"வணக்கம் தம்பி. ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"அது கதையிலை தெரியுது. யாழ்ப்பாணத்திலை எவடம்?"

சித்தப்பா என்னைப் பார்த்தான். பிறகு ஊர்ப்பெயரைச் சொன்னான்.

"அட, எங்கடை ஊர்! அங்கை ஆற்றை மகன்?"

கேட்ட மனிதரில் பிழை சொல்ல மாட்டேன். எந்த இடம், யாருடைய மகன் என்று நாங்கள் எல்லோரும் கேட்கிறதுதான். ரெய்னர்ஸ் லேன் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் நானும் அதைத்தானே கேட்கிறேன்.

சித்தப்பா அதைச் சொல்லாமல் அந்த இளம் பெண்ணின் பக்கம் திரும்பினான். ஆனால் அவனுடைய முழுப்பெயரில் அப்பப்பாவின் பெயரும் இருந்தது. அவள் அதைப் படிவத்திலிருந்து வாசித்ததும் போனில் ஒரு சத்தம்.

"கணக்கு மாஸ்டரின்ரை மகனே! நான் அவரிட்டைப் படிச்சனான் தம்பி. தங்கமான மனிசன்."

என்ன கதைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவளுடைய முதல் கேள்வியைத் தமிழில் சொன்னார்: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள்?

"நான் குடிக்கிறேல்லை, ஐயா" என்றான் சித்தப்பா. "கலியாண வீடு, பிறந்தநாள் எண்டால் ஒரு பியர்."

"அதுதானே பாத்தன்" என்றது குரல்.

"டேய், உண்மையைச் சொல்லடா" என்றேன்.

"விடுங்கோ, தமையனார். மாஸ்டரின்ரை பிள்ளை பொய் சொல்லுமே?" என்று போனில் அவர் சிரித்தார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளிடமே சொன்னேன், இவன் ஒவ்வொரு நாளும் குடிக்கிறான் என்று. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். நோயாளி தானாகச் சொல்ல வேண்டும், நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்றாள். அவளும் நல்ல பிள்ளைதான்.

கட்டில் தேவையில்லை என்று முடிவு வந்தது. தமிழ் வேண்டாம், ஆங்கிலத்திலேயே திரும்ப விசாரியுங்கள் என்று பிறகு அந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். செய்யலாம், ஆனால் நோயாளியே அழைத்துக் கேட்க வேண்டும் என்றார்கள். நம்பரை அடித்து, போனை அவன் கையில் கொடுத்தேன். அவன் கட் பண்ணினான்.

"ஏலாதண்ணை. அந்தாளுக்கு இப்ப என்னைத் தெரியும்."

"அவர் வெளியிலை சொல்லக்கூடாதடா. சட்டம் இருக்கு."

"சொல்லமாட்டார், ஓம். ஆனால் நான் திரும்பிப் போனால், மாஸ்டரின்ரை மகன் குடிகாரன் எண்டு எப்பிடியும் அந்தாளுக்குத் தெரிஞ்சிடுமே."

ஜமேக்காப் பெண்ணைத் தேடினேன். வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாராம்.

குடியைப் பற்றி அவனிடம் கேட்பதை நான் இப்போது குறைத்துவிட்டேன். உங்கள் அம்மாவும்தான். இன்று பின்னேரம் அவன் அறைக் கதவைத் தட்டி, சாப்பிட வா என்றேன். "ஓம் அண்ணை, வாறன்" என்றான். நீங்களும் மேசையில் இருந்தீர்கள். அவன் வரவில்லை; அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையை மூடித்தான் வைத்தோம்.