பட்டை தட்டுக்கு வரும்வரை

என் அக்காவுக்கு வார்டில் 'ஸ்பீக்கர்' என்று பெயர். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசினாலே, கோடிக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருட நர்ஸ் வேலையில் முட்டி தேய்ந்தது, தொண்டை தேயவில்லை. அந்தத் தொண்டையால்தான் ஒருநாள் வம்பு வந்தது.

மதியம் ஷிப்ட் மாறும்போது எல்லோரும் கட்டில் கட்டிலாக நடந்து நோயாளிகளை ஒப்படைப்பார்கள். ஏதாவது தவறியிருந்தால் பொறுப்பு சிஸ்டரின் முதல் கேள்வி, "யாரு?" உடனே எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போகும். பெரும்பாலும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் பக்கம்.

அன்று ஜன்னலோரக் கட்டிலில் வாத்தியார் ஒருவர். போர்வையை விலக்கினால், கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. ரத்தம் எடுக்க முழங்கைக்கு மேலே கட்டும் ரப்பர் பட்டை, சட்டைக்குள்ளே இறுகியபடியே இருந்தது. பொறுப்பு சிஸ்டர் அவிழ்த்தார். டாக்டர் ஓடிவந்து விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். நல்ல வேளை, பெரிதாக ஒன்றுமில்லை.

"யாரு?"

கண்கள் ஒருத்தி பக்கம் திரும்பின. எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பெண் அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நான்தான் சிஸ்டர்," என்றாள் அந்தப் பெண்.

"பட்டைய அவுக்கக்கூடவா சொல்லித் தரணும்?"

"அவ அவுக்கறதுக்குள்ள நான்தான் கூப்பிட்டேன் சிஸ்டர்," என்றாள் அக்கா. "எதிர்க் கட்டில் அம்மா விழப் பாத்தாங்க. 'ஓடி வா புதுசு'ன்னு கத்தினேன். போட்டது போட்டபடி வந்தா."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

அக்காவோடு முகம் கொடுத்துப் பேசாத இன்னொரு நர்ஸ் தொண்டையைச் செருமினாள். "குளிருதுன்னாரு. சட்டைக் கைய இழுத்துவிட்டது நான். உள்ள பாக்கல."

வாத்தியார் தலையைத் தூக்கினார். "கை மரத்துப்போன மாதிரி எனக்கே இருந்துச்சும்மா. தூக்கக் கலக்கத்துல விட்டுட்டேன். என்னையும் சேத்துக்குங்க."

பொறுப்பு சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் வரிசையாக இத்தனை பேர் வந்து நின்றால் யாரைத்தான் அனுப்புவது? "சரி, எப்படி நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க," என்றார்.

மேலிடத்துக்கு நடந்தது முழுதும் போனது. பழியை ஒருத்தி தலையில் மட்டும் கட்டவில்லை. புதுசின் வேலை தப்பியது. வார்டுக்குப் புது வழக்கமும் வந்தது: பட்டை கழன்று, ரத்தம் எடுக்கும் சாமான் தட்டில் விழும்வரை அந்த நர்ஸை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டே தீரவேண்டும் என்றால், கூப்பிட்டவரே போய்ப் பட்டையை அவிழ்க்கவேண்டும்.

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நான், போனில் இதைக் கேட்டதும் அக்காவைத் திட்டினேன்.

"உன் வேலை போயிருந்தா என்னக்கா பண்ணுவே? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"மூடற வாயா இருந்தா அவளை ஏன்டா கூப்பிட்டிருக்கப் போறேன்?"

போன வாரம் மறுபடி அழைத்தேன். எடுத்தது புதுசு.

"அண்ணா, அக்கா ரத்தம் எடுத்துட்டிருக்காங்க. பட்டை இன்னும் தட்டுக்கு வரல."

"கொஞ்சம் அவசரம்மா."

"யாராவது விழப்போறாங்களா?"

"இல்ல..."

"அப்ப லைன்லயே இருங்க."

இருந்தேன். என் அக்காவின் வார்டில் எனக்காகக்கூட வழக்கத்தை மாற்றமாட்டார்கள்.