ஒரே கூட்டு

அந்தப் படிவத்தின் எட்டாவது கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று ஓர் ஆய்வு. கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை ஆள் தேடிப் பேசி எழுதுவது என் வேலை. "நிலையான இணை ஒருவர் மட்டுமா?" என்பது எட்டாவது கேள்வி. ஆம் என்றால் அடுத்த ஆறு கேள்விகளை விட்டுவிட வேண்டும். ஆணுறை போட்டார்களா, வேறு யாரோடெல்லாம் என்பது அந்த ஆறில்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டும் அதோடு போய்விடும். நிலையான இணை என்றால் ஆபத்தில்லை என்று படிவம் தயாரித்த அந்தப் படித்தவர்களுக்கு யார் சொன்னதோ.

எங்கள் பக்கத்தில் இணை என்று யாரும் சொல்வதில்லை. கூட்டு என்போம். கூட்டு ஒன்றுதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பார்த்தவன், சந்தைக்கு வந்தவன் எல்லாம் கூட்டு ஆகமாட்டான். ஆணுறை அவர்களுக்குத்தான், பல நேரம் அவர்களுக்கும் இல்லை. கூட்டோடு போட்டால் என்னை நம்பவில்லையா என்று முகம் வாடிவிடும். இதையெல்லாம் நான் ஆய்வு செய்து கண்டுபிடிக்கவில்லை. நானும் அப்படித்தான். ஞாயிறுதோறும் சபைப் பாட்டுக் குழுவில் நின்றுகொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் ரப்பர் வெட்டும் ஒருவர் பேச ஒப்புக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஷீட் உலர்த்தும் கொட்டகையில் உட்கார்ந்தோம். அன்று பார்த்து என் மேற்பார்வையாளரும் கூட வந்திருந்தார். எட்டாவது கேள்வியை எங்கள் பேச்சில் மாற்றிக் கேட்டேன்.

"ஒரே கூட்டாக்கும், சாறே," என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. வழியில் பார்க்கிறவர்கள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிவம் விடச் சொன்னதைக் கேட்க உனக்கு எப்படித் தோன்றியது என்று மேற்பார்வையாளர் கேட்பாரே என்று பயந்தேன். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பதினைந்தாவது கேள்விக்குப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்ததென்று மேற்பார்வையாளர் பாராட்டினார். வெட்கங்கெட்டவன், எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு வேலையாகப் போன அரசு ஆஸ்பத்திரியில், மாத்திரை வாங்கும் வரிசையில் அவரைப் பார்த்தேன். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். காசநோய் வந்த பிறகுதான் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்த்தார்களாம். மாத்திரை தொடங்கியபின் கொஞ்சம் தேறிவருவதாகச் சொன்னார். அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். படிவம் அப்படி என்று ஒரு சாக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு வந்தது போவட்டும். நீங்க எழுதிட்டுப் போன மாசம் எனக்க கூட்டு கல்ஃபுக்கு மெடிக்கல் எடுத்தான். அன்னு அவனுக்கு ஒண்ணும் இல்ல. விசா வர நாளாச்சு. திரும்ப எடுத்தப்போ அவனுக்கும் உண்டு."

ஜன்னலில் அவர் முறை வந்தது. சீட்டை நீட்டியபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"சாறே, நீங்க படிவம் எழுதினீங்க. நான் நம்ம ஆளுன்னு நெனச்சாக்கும் ஒரே கூட்டுன்னு சொன்னேன்."