வெட்டாமல் விட்ட காட்சி

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி இருபது நிமிடப் படம் எடுத்தேன். அதுதான் என் முதல் படம். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிளியனூர் பக்கம் வயல் வேலை செய்துகொண்டிருந்தவர், கணவர் இறந்த பிறகு ஒரே மகளோடு இங்கே வந்துவிட்டார். மகள் ஒன்பதாம் வகுப்பு.

நாலு மாதம் கேமராவோடு அவர் பின்னால் அலைந்தேன். ஒருநாள் உப்பு வாரி முடித்து வரப்பில் உட்கார்ந்தவர், நான் கேட்காமலேயே சொன்னார். கணவரைப் பாம்பு கடித்ததாக மகளிடம் சொல்லி வைத்திருப்பது பொய்.

"காலைல சண்ட. செத்துத் தொலைன்னு சொல்லிட்டு நான் நடவுக்குப் போயிட்டேன். அவரு மருந்தக் குடிச்சுட்டாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அத படத்துல போட்டுடாத. பொண்ணுக்குத் தெரியாது," என்றார்.

"சரிக்கா," என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எடிட்டிங்கில் அந்த இடத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். படத்தில் உயிரே இல்லை. அவர் எங்கே பார்க்கப்போகிறார் என்று திரும்பச் சேர்த்துவிட்டேன்.

புதுச்சேரியில் நடந்த ஒரு திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வானது. அமைப்பாளர் ஒருவர் அக்காவின் நம்பரைக் கேட்டார். எதற்கென்று யோசிக்காமல் கொடுத்தேன். விழா அன்று அரங்க வாசலில் அக்காவும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் தீபாவளிக்கு எடுத்த சுடிதார் போட்டிருந்தாள்.

"அண்ணா, படம் முழுக்க அம்மா வருவாங்களா?" என்று கேட்டாள்.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். படம் ஓட்டுகிறவரிடம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நடுவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

அந்த இடம் வந்தது. அவர் சொன்னதெல்லாம் அரங்கு முழுக்கக் கேட்டது. 'போட்டுடாத' என்றதை மட்டும் வெட்டியிருந்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் இழுத்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்ததும் கைதட்டினார்கள். அக்காவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இறங்கி வந்தபோது மகள் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டுபிடித்தோம். மரக்காணம் பஸ்ஸில் நானும் கூட ஏறினேன். அவர்கள் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். பொம்மையார்பாளையம் தாண்டும்போது மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலேயே கேட்டாள்.

"செத்துத் தொலைன்னு நிஜமாவே சொன்னியா?"

"சொன்னேன்," என்றார் அக்கா.



அடுத்த வாரமே அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவின் தங்கை வீடு. எனக்குச் சிறப்புப் பரிசு என்று போன் வந்தது. வாங்கப் போகவில்லை. உப்பளத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா உப்பு வாருவதை நிறுத்தவில்லை.

"கேமரா ஓடுதுன்னு எனக்கும் தெரியும்பா. நீ சரின்னு சொன்ன, நம்பிட்டேன்."

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"இனிமே எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. வெயில் ஏறுது, நீ போ."

ஒன்றரை வருடம் ஆகிறது. பொங்கலுக்கு மகள் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போனதாக அக்காவோடு வேலை செய்கிற ஒருவர் சொன்னார். அம்மாவிடம் பேசினாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.