தீபத்தன்று வார்த்த வெல்ல தோசை

இன்று பக்கத்து வீட்டில் வெல்லம் தீயும் வாசனை வந்ததும், இப்போது லாட்ஜ் நிற்கும் இடத்தில் முன்பிருந்த எங்கள் வாடகை வீட்டின் புகையேறிய சமையலறைக்குள் போய்விட்டேன்.

என் சின்ன வயதில் ஒரு கார்த்திகை தீபத்தன்று காலையிலும் வழக்கம்போல அம்மா வெல்ல தோசை வார்த்தாள். தீபம் பார்க்க வரும் கூட்டத்துக்காக முந்தின நாள் ஸ்பெஷல் பஸ் ஓட்டப்போன அப்பா இன்னும் வரவில்லை. வழியில் ஏதோ பஸ் கவிழ்ந்துவிட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓட, கல்லில் தோசை கருகியது.

“அப்பா எப்பம்மா வருவாரு?”

“வந்துடுவாருடி. நீ சாப்பிடு.”

தட்டை அப்படியே வைத்துவிட்டு நானும் வாசலுக்குப் போனேன்.

மாவு தீரும் நேரத்தில் காக்கிச் சட்டையோடு அப்பா வந்தார். “கூட்டம் ஜாஸ்தி. ஊருக்கு வெளியவே பஸ்ஸ நிறுத்திட்டாங்க, நடந்தே வந்தேன்” என்றவர், முதல் தோசையைத் தின்று முடிக்குமுன் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

விடிந்ததிலிருந்து நின்றுகொண்டேயிருந்த அம்மா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் மீதியிருந்ததைப் பிட்டுத் தின்றாள்.