மூடுபனியில் திறந்த மடிக்கணினி

கடந்த ஆண்டு ஓண விற்பனை நாட்களில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு மின்னணுப் பொருள் கடையில் பத்து நாள் விடுமுறை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில், தமிழ் மேடையானாலும் மலையாள மேடையானாலும், நான் தோற்றதில்லை. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கத்தை ஒதுக்கினாலும் அந்தப் பக்கத்துக்காகப் பேசி வெல்லக் கற்றவள் நான்.

கடையில் எனக்கு ஒதுக்கப்பட்ட பக்கம், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் ஓடும் மலிவு விலை மடிக்கணினிகள். வருவோர் எடுத்துப் பார்ப்பார்கள். விலையைக் கண்டு முகம் மலர்வார்கள். பழகிய திரை இல்லையென்றதும் திருப்பி வைத்துவிடுவார்கள். மேலாளர் என் கையில் ஒலிவாங்கியைத் தந்து, "மோளே, இது தன்னால விக்காது. நீ பேசித்தான் விக்கணும்" என்றார்.

பேசினேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை வழிந்துகொண்டே இருக்கும். வரிசையாகத் திறந்து வைத்த பன்னிரண்டு திரைகளிலும் ஒரே நீல ஏரி அசையும். கூரையின் ஒலிபெருக்கிகளிலிருந்து என் குரல் என்மீதே பொழியும். பகலா மாலையா என்று தெரியாத அந்த வெளிச்சத்தில், தரையில் கால் படாதவள்போல் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஓர் அக்கா வந்தார். பொன்முடி தேயிலைத் தோட்டத்திலிருந்து பேருந்து மாறி வந்தவர். நனைந்த சேலைக் கரையும் கையில் மடக்கிய குடையுமாக, என் எதிரே வந்து நின்றார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா, ஒண்ணு கேட்டுக்கிடட்டா?" என்றார்.

மேடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உரையின் நடுவே எதிரணியினர் கேள்வியோடு எழுந்தால், உள்ளங்கையை மெல்ல உயர்த்தி அமரச் செய்வோம். முகத்தில் புன்னகை மாறக் கூடாது; சொற்றொடர் அறுபடக் கூடாது. அன்று என் கை தானாக உயர்ந்தது. அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார், ஏதோ தவறு செய்துவிட்டவர்போல.

"நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதில்தான் எழுதிப் பழகுகிறார்கள். அவர்களுக்குப் போதுமானது நமக்குப் போதாதா? விலை உயர்ந்தால்தான் அறிவு உயருமா?" என்று அடுக்கினேன். முடித்தபோது, சலவை இயந்திரம் பார்க்க வந்த ஒரு குடும்பம் கைதட்டியது. அந்த அக்காவும் தட்டினார். வாங்கிக்கொண்டு போனார். என்ன கேட்க வந்தார் என்று விசாரிக்க எனக்கு நினைவே வரவில்லை.

நான்கு நாள் கழித்து, பிற்பகல் இரண்டு மணிக்கு, பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி அணைத்தபடி மீண்டும் வந்தார்.

"கம்பெனிக்காரங்க அனுப்பின புரோகிராம் இதுல ஏறமாட்டேங்குது பாப்பா. இன்னைக்கு நாலு மணிக்குள்ள டெஸ்ட் எழுதணும். விட்டா ஆள் எடுத்து முடிச்சிருவாங்க."

அப்போதுதான் முழுவதும் தெரிந்தது. முழங்கால் தேய்ந்து, சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாமல் போனவர் அவர். தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தரும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்காகவே இந்தக் கணினி.

மேலாளரிடம் ஓடினேன். "சீல் பொட்டிச்சா திரிச்சு எடுக்கில்ல மோளே" என்றார்; உறை பிரித்ததைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். வேறு மென்பொருள் ஏற்றித் தரும் ஆள் இல்லை, ஓணம் கழிந்துதான் வருவார். நான் விடவில்லை. அறம், வாணிபம், வாடிக்கையாளரின் நம்பிக்கை என்று மூச்சுவிடாமல் வாதிட்டேன். என் வாழ்நாளின் சிறந்த உரை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலக்கி! இனி இதே பிரசங்கத்த முதலாளிகிட்ட நீயே போய்ச் செய்" என்றார்.

தலைகுனிந்து திரும்பினேன். அக்கா கோபப்படவில்லை.

"சாரமில்ல, விடு. நீ பேசினது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டே நின்னதுல வந்த காரியத்த மறந்துட்டேன், கேட்டியா?"

கைதட்டல்களுக்கெல்லாம் அசையாத என்னை அந்தச் சொல் அசைத்தது.

"அன்னைக்கு என்ன கேக்க வந்தீங்கக்கா?"

"கம்பெனி டெஸ்ட் இதுல ஓடுமான்னுதான். வேற என்னத்தக் கேக்கப்போறேன்?"

அரை நிமிடக் கேள்வி. அன்றே என்னிடம் அதற்கு விடை இருந்தது: தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவருடைய கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் எண் இருந்தது. அழைத்தேன். இந்த முறை எந்த முன்னுரையும் இல்லை. லினக்ஸ் கணினியில் தேர்வெழுத வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னார்: "பிரவுசர்ல எழுதலாமே. வேலையும் அதுல செய்யலாம், பதிவுகள எறக்கி வெச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். வேணும்னு இதுவரை ஆரும் கேட்டில்லல்லோ! இப்ப லிங்க் அனுப்பறேன்."

மேலாளர் காதில் இதெல்லாம் விழுந்திருக்க வேண்டும். சரக்கறைக் கதவைத் திறந்துவிட்டு, இணையக் கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதி நீட்டினார். "உள்ள இருந்து எழுதிக்கோ சேச்சி. ஒச்சை, சத்தம் ஒண்ணும் இருக்காது."

ஆளுயரக் குளிர்பெட்டி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் அமர்ந்தார் அக்கா. இணைப்பு வரும்வரை காத்திருந்தபோது, அந்த நான்கு நாட்களும் எப்படிப் போயின என்று கேட்டேன். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் சிக்னல் இல்லை. மேட்டு வளைவில், ஒரு பாறைக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். கொழுந்து எடை போட்டு எல்லாரும் போன பிறகு, கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாராம்.

"பனி எறங்கிரும் பாப்பா. எதிர்ல செடியும் தெரியாது, என் கையும் தெரியாது. இந்தத் தெர மட்டும் நெலா மாதிரி மெதக்கும். நாலு நாளும் அத வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு வேலையும் ஓடல. ஆனா பாக்க அம்புட்டு அழகு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. வெள்ளை மூட்டத்துக்குள் ஒரு சதுர வெளிச்சமும், அதன் முன்னே வலிக்கிற முழங்காலை நீட்டி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணும் என் கண்முன் தோன்றினார்கள். இன்றும் மழைநாளில் கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருகிறது. நான் ஒருபோதும் போய்ப் பார்க்காத அந்த மேட்டு வளைவு, பார்த்த இடங்களைவிடத் தெளிவாக.

இணைப்பு வந்தது. மணி மூன்றாகப் போகிறது. செவிப்பொறியை மாட்டிக்கொண்டு அவர் எழுதத் தொடங்கினார். நான் வெளியே வந்து ஒலிவாங்கியை அணைத்தேன். "விற்பனை?" என்று மேலாளர் கண்ணாலேயே கேட்டார். சரக்கறைக் கதவைக் காட்டினேன். அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டையும் நிறுத்தினார். கடை முழுவதும் மழையின் ஓசை மட்டும் நிரம்பியது. அந்த அமைதியில், கதவிடுக்கு வழியே, விசைகள் மெல்ல மெல்லத் தட்டப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. சில நேரம் நிற்கும். என் மூச்சும் நிற்கும். மறுபடி தொடங்கும்.

நான்கு மணிக்குச் சற்று முன்பு வெளியே வந்தார். "எழுதிட்டேன்" என்றார். அவ்வளவுதான். என் எண்ணை வாங்கிக்கொண்டு, பெட்டியை மீண்டும் தலைப்பால் மூடியபடி, மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

இரண்டு வாரம் கழித்து, வேலை கிடைத்ததாக அக்காவிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை. அதன் பிறகும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன், பல கோப்பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் என்னால் ஒருவருக்கு உண்மையிலேயே ஏதேனும் நல்லது நடந்தது எப்போது என்று நெஞ்சைக் கேட்டால், நான் ஒரு சொல்லும் பேசாமல் நின்ற அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அது காட்டுகிறது.